முக்கோணம் இருக்கிறது, ஆதாரம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்று தவறாக அச்சிட்டு விற்றதாகப் பிளாஸ்டிக் பொருள் நிறுவனங்கள் மீது வெளிநாடுகளில் தொடரப்படும் வழக்குகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்திகளைத் தொகுத்த விதம் நன்றாக இருந்தது. ஆனால் கட்டுரையாளர் கடைசியில் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு சிறு முத்திரையைப் பிடித்துக்கொண்டு வழக்கறிஞர்கள் பணம் பார்க்கிறார்கள், குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடாத மக்கள்தான் உண்மையான குற்றவாளிகள் என்கிறார் அவர். நான் பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் எஃகு அச்சுகள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். டப்பாவின் அடியில் நீங்கள் பார்க்கும் அந்த அம்பு முக்கோணத்தை எஃகில் செதுக்குவது என் பிரிவின் வேலை. அந்தத் தொழில் அறிவை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குறி டப்பாவுக்கு எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சின் அடிப்பகுதியில் விரல்நுனி அளவுக்கு ஓர் எஃகுத் துண்டு தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும்; இன்சர்ட் என்போம். அதில் மூன்று அம்புகளையும் நடுவே ஓர் எண்ணையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அப்போதுதான் டப்பாவில் அவை நேராக விழும். அதே அச்சில் வேறு வகைப் பிளாஸ்டிக்கை ஓட்ட வேண்டி வந்தால், பல நேரங்களில் அச்சு முழுவதையும் மாற்ற மாட்டார்கள். 5 உள்ள இன்சர்ட்டைக் கழற்றிவிட்டு 2 உள்ளதை மாட்டுவார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு வரும் வரைபடத்தில் அம்பின் நீளம், எண்ணின் உயரம், செதுக்கலின் ஆழம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். பயன்படுத்திய பிறகு இந்த டப்பாவை எந்த ஆலை வாங்கும் என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. எந்த வரைபடத்திலும் அது இருந்து நான் பார்த்ததில்லை.

ஏனென்றால் அந்த எண் மறுசுழற்சிக்கான சான்று அல்ல. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளை 1970-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டிக்காகக் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் வரைந்தார். அது காகிதப் பெட்டி நிறுவனம் ஒன்று நடத்திய போட்டி. 1988-இல் அந்நாட்டுப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே போன்ற அம்புகளுக்குள் 1 முதல் 7 வரை எண்களை வைத்தது. 1 என்றால் குடிநீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக், 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் மேற்சொன்ன எதிலும் சேராத ‘இதர வகை’. பிளாஸ்டிக் இன்ன வகை என்பதைத் தாண்டி அந்த எண் எதையும் சொல்லவில்லை. எந்த வகை என்றே சொல்ல முடியாத 7-க்கும் அதே அம்புகள்தான். இந்த எண்முறையைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 39 மாநிலங்கள் சட்டமே இயற்றின. குழப்பம் புரிந்து, 2013-இல் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றியது. ஆனால் நல்ல எஃகில் செய்த அச்சு லட்சக்கணக்கில் டப்பா தள்ளும். பழைய அச்சுகளைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை. 2023-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே, எண்ணோடு சேர்ந்த அந்த அம்புக்குறி மக்களை ஏமாற்றுகிறது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையத்துக்கு எழுதியது.

எங்கள் பட்டறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்துக்காகக் கறுப்பு நிற மூடி ஒன்றுக்கு அச்சு செய்துகொண்டிருந்தோம். திருத்திய வரைபடம் வந்தது. அடியில் சிறிதாக இருந்த முக்கோணம் பெரிதாகி, மூடியின் மேல்முகத்தில், பெயருக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. கீழே ‘மறுசுழற்சி செய்யலாம்’ என்ற வரியும் புதிதாகச் சேர்ந்திருந்தது. மூடியில் வேறு ஒரு மாற்றமும் இல்லை. அதே பிளாஸ்டிக், அதே கறுப்பு. எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர், கறுப்பு மூடியை எந்த ஆலை எடுக்கிறது என்று கடிதம் எழுதிக் கேட்டார். விற்பனைப் பிரிவின் ஒப்புதல் கிடைத்துவிட்டது, வேலையைத் தொடங்குங்கள் என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவே இல்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வகைப்பிரிப்பு ஆலைகளில் ஓடும் பட்டையின் மேல் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் இது எந்தப் பிளாஸ்டிக் என்று இயந்திரம் கண்டுபிடிக்கிறது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடும். இயந்திரத்தின் கண்ணுக்கு அந்த மூடி இல்லவே இல்லை. அது குப்பையோடு போய்விடும். அளவில் மிகச் சிறியவை சல்லடையில் கீழே விழுந்து உடைந்த கண்ணாடியோடு கலந்துவிடும். பெட் பாட்டிலை முழுக்கப் போர்த்தும் வேறு வகைப் பிளாஸ்டிக் உறை இருந்தால் இயந்திரம் உறையைத்தான் பார்க்கும், பாட்டிலைப் பார்க்காது. பெட்டோடு கொஞ்சம் பிவிசி கலந்தாலும் போதும். பெட் உருகும் சூட்டில் பிவிசி கருகி அமிலத்தைக் கக்கி, மொத்தச் சரக்கிலும் புள்ளி விழச் செய்துவிடும். இன்னொன்றும் உண்டு. 2 என்ற ஒரே எண்ணுள்ள பாட்டிலும் அகன்ற டப்பாவும் ஒன்றல்ல. பாட்டில் ஊதிச் செய்வது, அதற்கான பிளாஸ்டிக் கெட்டியாக ஓட வேண்டும். டப்பா அச்சில் அழுத்தத்தோடு செலுத்திச் செய்வது, அதற்கு இளக்கமாக ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாக உருக்கினால் இரண்டுக்கும் உதவாத சரக்குதான் கிடைக்கும்.

இந்த விவரங்கள் தெரிந்த எவருக்கும் கியூரிக் நிறுவனத்தின் மீதான வழக்கு வியப்பாக இருக்காது. ஒருமுறை காபி போட்டதும் தூக்கியெறியும் சிறு குப்பிகளை விற்கும் நிறுவனம் அது. குப்பியைப் பாலிபுரொப்பிலீனுக்கு மாற்றி, மூடித்தாளை உரித்து, தூளைக் கொட்டிவிட்டால் மறுசுழற்சிக்குப் போடலாம் என்று விளம்பரம் செய்தது. குப்பியின் அளவும் வடிவும் காரணமாகப் பெரும்பாலான ஆலைகள் அதைப் பிரித்தெடுக்கவே முடியாது, எடுத்தாலும் வாங்க ஆளில்லை என்று 2018-இல் கலிஃபோர்னியாவில் ஒரு நுகர்வோர் வழக்குத் தொடர்ந்தார். ஆலைகளைப் பற்றி நாங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும் என்ற நிறுவனத்தின் வாதத்தைக் கேட்டு வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்துவிட்டார். 2022-இல் 1 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பல ஊர்களில் இது மறுசுழற்சி செய்யப்படுவதில்லை, உங்கள் பகுதியில் விசாரியுங்கள் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜனவரியில் கனடாவின் போட்டி ஆணையம் கியூரிக்கின் கனடா நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 30 லட்சம் கனடா டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. 2024 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமும் 15 லட்சம் டாலர் விதித்தது. அந்த மூன்றாவது நடவடிக்கைதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. குப்பியை மறுசுழற்சி செய்ய முடியும் என்று சோதனையில் உறுதியானது என நிறுவனம் தன் ஆண்டறிக்கைகளில் எழுதியது. ஆனால் நாட்டின் மிகப் பெரிய மறுசுழற்சி நிறுவனங்களில் இரண்டு, இது கட்டுப்படியாகுமா என்ற கவலையையும், இப்போதைக்கு இதை எடுக்கும் எண்ணமில்லை என்பதையும் அதே நிறுவனத்திடம் தெரிவித்திருந்தன. அந்தச் செய்தியை அறிக்கையில் சொல்லவில்லை. பொறியாளரின் கேள்விக்குப் பதில் வராமல் போன எங்கள் பட்டறைக் கதையைவிட இது மோசமானது. இங்கே பதில் கையில் இருந்தும் மறைக்கப்பட்டிருக்கிறது.

கட்டுரையாளர் நினைப்பதுபோல வழக்குத் தொடர்ந்தவர்கள் வசதிக்காகக் கண்டுபிடித்த விதி அல்ல இது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1992-இலேயே பசுமை விளம்பரங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2012-இல் திருத்திய நெறிகளின்படி, ஒரு பொருள் விற்கப்படும் இடங்களில் குறைந்தது 60 சதவீத மக்களுக்கோ ஊர்களுக்கோ அதை மறுசுழற்சிக்கு எடுக்கும் வசதி இருந்தால்தான், எந்த நிபந்தனையும் போடாமல் அப்படிச் சொல்லலாம். மறுசுழற்சிக்கு ஏற்ற பிளாஸ்டிக்கால் செய்திருந்தாலும், வடிவத்தாலோ அளவாலோ ஆலைகள் ஏற்காது என்றால் அப்படி விற்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அடியில் கண்ணுக்குப் படாமல் இருக்கும் எண் முக்கோணம் விளம்பரம் ஆகாது. பெயருக்குப் பக்கத்தில் எடுப்பாக வைத்தால் அது விளம்பரம்தான் என்கிறது அந்த நெறி. எங்கள் மூடியின் முக்கோணம் அடியிலிருந்து மேல்முகத்துக்கு ஏறியதன் பொருள் இதுதான்.

மறுசுழற்சிப் பை வழக்கையும் சொல்ல வேண்டும். பாட்டில்களையும் டப்பாக்களையும் சேர்த்துப் போடுவதற்கென்றே ‘ஹெஃப்டி’ என்ற பெயரில் மறுசுழற்சிப் பைகள் விற்கப்பட்டன. மென்பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் பை வகைப்பிரிப்பு இயந்திரத்தின் தண்டுகளில் சுற்றிக்கொண்டு ஆலையையே நிறுத்தும். பல ஆலைகளில் பையை உள்ளிருப்பதோடு சேர்த்து அப்படியே குப்பைமேட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒழுங்காகக் கழுவி, பிரித்து, மறுசுழற்சிக்கென்றே காசு கொடுத்துப் பை வாங்கி, அதில் கட்டி வைத்த குடும்பத்தின் பாட்டில்கள் அந்தப் பையாலேயே குப்பைக்குப் போயின. கனெக்டிகட் மாநில அரசு 2022-இல் தயாரிப்பாளரான ரெனால்ட்ஸ் மீதும், மின்னசோட்டா அரசு 2023-இல் ரெனால்ட்ஸ், சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் இரண்டின் மீதும் வழக்குப் போட்டன. மின்னசோட்டாவில் அந்தப் பைகளால் கிடைத்த லாபம் முழுவதையும், அதாவது 2,16,670 டாலரை, 2024-இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெயரில் பை விற்கவும் இரண்டரை ஆண்டுத் தடை வந்தது. மக்கள்தான் குற்றவாளி என்று எழுதியவர் இந்தக் குடும்பங்களிடம் என்ன குற்றம் கண்டார் என்று கேட்க விரும்புகிறேன்.

எல்லா வழக்கும் வென்றுவிடவில்லை என்பது உண்மை. கோகோ கோலா உள்ளிட்ட நிறுவனங்களின் ‘100 சதவீதம் மறுசுழற்சி செய்யத்தக்கது’ என்ற பாட்டில் வாசகத்தை எதிர்த்த வழக்கை 2022 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார். அப்படி எழுதியிருந்தால் ஒவ்வொரு பாட்டிலும் முழுமையாக மறுசுழற்சி ஆகிவிடும் என்று விவரமறிந்த நுகர்வோர் யாரும் நம்ப மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பை மதிக்கிறேன், அதன் தர்க்கம் தொழில் தெரிந்த எனக்கு ஒப்பவில்லை. பட்டறைக்குள் எல்லாப் பிளாஸ்டிக்கும் மறுசுழற்சிதான். அச்சிலிருந்து வெட்டிய கழிவை அரைத்து அதே இயந்திரத்தில் திரும்பப் போடுவோம். அது ஒரே வகை, ஒரே நிறம், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாதது. முடியுமா என்பது மட்டுமே கேள்வி என்றால், கறுப்பு மூடியும் முடியும், காபிக் குப்பியும் முடியும். வாங்குகிறவர் கேட்பது அதையல்ல. தொட்டியில் போட்டால் எடுக்கிறார்களா, எடுத்தால் உருக்குகிறார்களா என்பதைத்தான் அவர் அந்த வாசகத்தில் தேடுகிறார். 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது என்று 2017-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க அரசின் சொந்தக் கணக்கிலேயே 2018-இல் பிளாஸ்டிக்கில் 8.7 சதவீதம்தான். பெட் பாட்டில்களும் ஜாடிகளும் மட்டும் 29.1 சதவீதம். கடைத்தட்டில் இருக்கும் அம்புகளின் எண்ணிக்கையோடு இந்த எண்களைக் கட்டுரையாளர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பெட் பாட்டிலின் எண் மற்றவற்றைவிட அதிகமாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். நிறமில்லாத பெட் பாட்டிலுக்கு உண்மையிலேயே வாங்குபவர் இருக்கிறார்கள். உறையைச் சிறிதாக்கி, கறுப்பைக் கைவிட்டு, ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் மூடியும் உடலும் செய்யும் நிறுவனங்களுக்காகவும் நாங்கள் அச்சு செய்திருக்கிறோம். அதற்கு வரைபடம் புதிது, அச்சு புதிது, செலவும் கூடுதல். அத்தனையும் செய்தவரின் டப்பாவிலும் அதே வாசகம், ஒன்றும் செய்யாமல் முக்கோணத்தை மட்டும் பெரிதாக்கியவரின் டப்பாவிலும் அதே வாசகம். இந்த வழக்குகளால் நேர்மையான தயாரிப்பாளருக்குத்தான் முதல் நன்மை. கட்டுரையில் இந்தக் கோணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வழக்கு மட்டுமே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 3 முதல் 7 வரை எண்ணுள்ள பொருள்களின் முத்திரைகளை எதிர்த்துக் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2020-இல் வால்மார்ட் மீது தொடர்ந்த வழக்கு, முத்திரை பொய்யா மெய்யா என்ற கட்டத்துக்கே வரவில்லை. முத்திரையை நம்பி நீங்கள் ஏமாறவில்லையே, வழக்குத் தொடர உங்களுக்கு என்ன உரிமை என்ற இடத்திலேயே முடிந்தது. விவரம் தெரிந்தவர் ஏமாறுவதில்லை, அதனால் வழக்குப் போட முடியாது. ஏமாறியவருக்குத் தான் ஏமாறியதே தெரியாது. இந்த முடிச்சைச் சட்டமன்றம்தான் அவிழ்க்க வேண்டும்.

கலிஃபோர்னியா அவிழ்க்க முயன்றிருக்கிறது. 2021 அக்டோபரில் கையெழுத்தான எஸ்பி 343 என்ற சட்டத்தின்படி, மாநில மக்கள்தொகையில் 60 சதவீதத்துக்குக் குறையாதவர்களிடமிருந்து அந்தப் பொருள் சேகரிக்கப்பட வேண்டும். சேகரித்ததை ஆலைகள் தனியாகப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பவும் வேண்டும். இல்லையென்றால் அம்புகளைப் போடக் கூடாது. எண்ணைச் சுற்றியும் போடக் கூடாது. 2026 அக்டோபர் 4-க்குப் பின் தயாராகும் பொருள்களுக்கு என்று நாள் குறிக்கப்பட்டது. அங்கே இன்னொரு பழைய சட்டமும் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்பவர் அதற்கான ஆதாரத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். பொதுமக்களில் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். 2022 நவம்பரில் அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா, மறுசுழற்சி முத்திரையோடு விற்ற கெட்டிப் பிளாஸ்டிக் பைகளின் தயாரிப்பாளர்களிடம் ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். 2024-இல் அந்தக் கெட்டிப் பைகளையும் 2026 முதல் தடை செய்யும் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவர் எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் மீதே வழக்குத் தொடர்ந்தார். டப்பா விற்பவரைத் தாண்டி, பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்பவர் மறுசுழற்சியைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பரப்பிய நம்பிக்கையே கேள்விக்கு வந்திருக்கிறது. நிறுவனமும் பதிலுக்கு அவர் மீது அவதூறு வழக்குப் போட்டது.

மற்ற இடங்களிலும் காற்று மாறுகிறது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் 2023-இல் கொடுத்த புகாரைத் தொடர்ந்து, 100 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கால் ஆன பாட்டில் என்று எழுதிவந்த கோகோ கோலா, மூடியும் லேபிளும் நீங்கலாக என்று சேர்த்து எழுத 2025-இல் இசைந்தது. ஆஸ்திரேலியாவில், கடல் பிளாஸ்டிக் என்று விற்ற ‘கிளாட்’ குப்பைப் பைகளின் பிளாஸ்டிக் கடலிலிருந்து எடுத்ததே அல்ல என்பதால் கிளோராக்ஸ் நிறுவனத்துக்கு அதே ஆண்டு 82.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மறுசுழற்சி செய்யத்தக்க பொருள் என்று ஒரு நிறுவனம் அனுப்பும் அறிக்கையை அப்படியே செய்தியாகப் போடாதீர்கள்; அந்த வாசகம் உள்ள விளம்பரத்தையும் கேள்வி கேட்காமல் வாங்காதீர்கள். எந்த ஆலை இதை எடுக்கிறது, சென்ற ஆண்டு எத்தனை டன் எடுத்தது, எடுத்ததில் என்ன செய்தது என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அதையும் சேர்த்து வெளியிடுங்கள். எங்கள் பொறியாளரின் கடிதத்தைப் போல அதற்கும் பதில் வராவிட்டால், கேட்டோம், பதில் இல்லை என்று நிறுவனத்தின் பெயரோடு ஒரு வரி போடுங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வர வேண்டியதில்லை. வரும் வாரத்திலிருந்தே தொடங்கலாம். தொழில்நுட்ப விவரங்களைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் ஊதியமின்றி உதவ நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் அச்சுப் பட்டறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்